வெந்நி மட்டும் கொடுத்தா போதும், மருமவனே

மருமவனே, மச்சானை ஆஸ்பத்திரியிலருந்து கூட்டியாந்துட்டியாமே. காரு பிடிச்சு, பின் சீட்டுல தலகாணி போட்டுப் படுக்கவச்சுக் கூட்டியாந்தியாம். வடகரை முழுக்க அதான் பேச்சு. தகப்பனைப் பாக்கதுன்னா இப்பிடில்லா பாக்கணும்! நல்லாருலே. இனிமே என்ன செய்யணும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னுதான் ஒனக்குத் தோணல. பரவால்ல. கேக்காமலே சொல்லுததுக்குத்தான தாய்மாமன்னு ஒருத்தனை வச்சிருக்கு.

மொத காரியம், அவருக்கு ஒன்னும் திங்கக் குடுத்துராத.

நான் சொல்லி நீ தொடங்கவேண்டாம், ஏற்கெனவே தொடங்கிட்ட. சனிக்கிழமை சாயங்காலம் நானும் வந்து ஒரு ஓரமா உக்காந்துதான் இருந்தேன். கட்டில்ல மச்சான். சுத்தி எட்டுப் பத்துப் பேரு. மேலத்தெரு மதினிதான் மொதல்ல வாயத் தெறந்தா. "முட்டை சூடு, இருமல் கூடிரும்." முட்டை போச்சு. "தயிரு சளி." தயிரும் போச்சு. "வாழப்பழம் சளிக்கு மேல சளி." பெறவு ஆளாளுக்கு ஒன்னா எடுத்துக்கிட்டாக. பருப்பு வாய்வாம். உளுந்து அதைவிடப் பெரிய வாய்வாம். மீன் கரப்பான், கருவாடு கரப்பானுக்கு அப்பன். கறி செரிக்காது. நிலக்கடலை பித்தம். தேங்கா கொழுப்பு. பாலு கபம் கட்டும். இப்பிடி எல்லாத்தையும் கழிச்சுக்கிட்டே வந்து, கடைசியில யாரும் கை வைக்காம மிஞ்சுனது ரசஞ்சோறும் வெந்நியும். அதுலயும் வாசல்ல நின்ன ஒரு அண்ணாச்சி, "சோத்தக் கொஞ்சம் கொறச்சுக்கிடுங்க, சுகரு வந்துரும்"னுட்டுப் போனாரு.

ஆளு இருக்கது 36 கிலோ. அவருக்குச் சோத்தக் கொறைக்கணுமாம்!

நீ எல்லாத்துக்கும் தலைய ஆட்டுன. எந் தங்கச்சி ஒவ்வொன்னா மனசுக்குள்ள எழுதிக்கிட்டா. எனக்குச் சிரிப்பு வந்துது, வெத்தலை துப்பப் போறேன்னு எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்.

வந்தவுக வெறுங்கையா வரலை, அதையும் சொல்லணும். மேசையில பாத்தேன். ஆப்பிளு, ரொட்டி, ரஸ்க்கு, சாத்துக்குடி, ரெண்டு ஆர்லிக்ஸ் பாட்டிலு. சீக்காளி வீட்டுக்குப் போறவுக ஊரு உலகத்துல எங்கயும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாக. நானும் ஆயுசுக்கும் பாத்துட்டேன், ஒருத்தர்கூட அரைக்கிலோ பாசிப்பயறு வாங்கிட்டு வந்து நீட்டினதில்ல. வாங்கிட்டு வந்தா இவனுக்கு என்ன கிறுக்கான்னுதான் கேப்பாக. ஆப்பிளு பாக்க அழகாத்தான் இருக்கு. கிலோ என்ன வெலை விக்குதுன்னு தென்காசி மார்க்கெட்டுல கேட்டுப் பாரு. நூறு கிராம் ஆப்பிளுல அரைக் கிராம் புரதம் கூடக் கிடையாது. ஒரு கோழி முட்டையில 6 கிராம் இருக்கு. ஆனா முட்டையத் தூக்கிட்டு சீக்காளியப் பாக்கப் போனா மரியாதை இல்ல பாரு.

இதெல்லாம் இந்தக் கெழவனுக்கு எப்பிடித் தெரியும்னு நெனைக்க. எனக்குப் படிப்பு எட்டாங்கிளாசுதான். ஆனா நூலகத்துல பேப்பர் வாசிக்க யாரும் சர்ட்டிபிகேட்டு கேக்கதில்ல. அதுபோக, காசநோய்ப் பிரிவுலருந்து பைக்குல ஒரு தம்பி வாரான்லா, அவன் ஒங்க வீட்டுக்கு வந்தா நீ போன்ல பேசிக்கிட்டே "சரி சார், சரி சார்"ங்க. அவன் பெறவு டீக்கடைக்கு வந்து எங்கிட்ட உக்காந்துதான் மனசு விட்டுப் பேசுதான். டீக்காசு என்னுது, படிப்பு அவனுது.

அவன் சொல்லுததக் கேளு. மச்சானுக்கு மொதமொதல்ல சளியில கிருமி இருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கு எடை பாத்தாகள்லா? உசரமும் அளந்தாக. கால்ல வீக்கம் இருக்கான்னு விரலால அமுக்கிப் பாத்தாக. பிடிக்காம எந்திரிச்சு நிக்கச் சொன்னாக. விரல்ல கிளிப்பு மாட்டி ஆக்சிஜன் பாத்தாக. இவரு என்னமோ போட்டோ பிடிக்காகன்னு நெனச்சு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னாரு. அது சும்மா பாக்கது இல்ல. 2022 ஏப்ரல் மாசத்துலருந்து நம்ம தமிழ்நாட்டுல 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்'னு ஒன்னு நடக்கு. காசநோய்னு தெரிஞ்ச உடனே ஆளு எம்புட்டு மெலிஞ்சிருக்காருன்னு பாத்து, ரொம்ப மோசமா இருந்தா வீட்டுக்கு அனுப்பாம ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருவாக. ஏன்னா இந்த நோயில சாவுததுல முக்காவாசிப் பேரு மாத்திரை தொடங்குன மொத ரெண்டு மாசத்துக்குள்ளதான் போய்ச் சேருதாக. கிருமிய மாத்திரை கொல்லுது, சரி. அதுவரைக்கும் ஆளு தாங்கணும்லா? மச்சானுக்கு அன்னைக்கு 35 கிலோ, அஞ்சே காலடி உசரம். எடைக்கும் உசரத்துக்கும் பி.எம்.ஐ கணக்குப் போட்டா 14-க்கும் கீழ வருது. அந்த எல்லைக்குக் கீழ வந்தவுகளைத்தான் பிடிச்சுப் படுக்கப் போடுதாக. இவரு அந்தப் பரிச்சையில பாசாயித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு.

அங்க வேளைக்கு வேளை பாலு, முட்டை, கஞ்சின்னு குடுத்து ஒரு கிலோ ஏத்தி அனுப்பியிருக்காக. அந்த ஒரு கிலோவைத்தான் சனிக்கிழமை சாயங்காலம் ஒங்க கூடத்துல கூடி எறக்கிட்டிருந்தாக.

ஆஸ்பத்திரி பைலைத் தெறந்து பாத்தியா? எங்க பாத்திருப்ப, பிரிட்ஜு மேல வச்சிட்ட. நான் எடுத்துப் பாத்தேன். மாத்திரைக்கு ஏழெட்டு வரி, எந்நேரம், எத்தனை, எந்தத் தேதிக்கு மறுபடி வரணும்னு எல்லாம் சுத்தமா எழுதியிருக்கு. சாப்பாட்டுக்கு ஒரே வரி. 'சத்தான உணவு உட்கொள்ளவும்.' எந்தச் சத்து, எம்புட்டு, எந்தக் காசுலன்னு ஒன்னும் இல்ல. அந்த ஒத்த வரிக்கு வியாக்கியானம் சொல்லத்தான் மேலத்தெரு மதினி வந்தா. அவளைக் குத்தம் சொல்லி என்ன செய்ய? எழுதாம விட்ட எடத்துலதான யாரும் எழுத முடியும்.

இந்தச் சாப்பாட்டு வரி சுருங்கிப்போனதுக்கு ஒரு கதை இருக்கு, அதுவும் நம்ம மெட்ராசுலதான் நடந்தது. முன்னால காசநோய்னா சானடோரியம். தாம்பரத்துல சௌரிமுத்து டாக்டரு 1928-ல தொடங்குனாரு. நம்ம பக்கத்துக்கு நாகர்கோவிலை ஒட்டி ஆசாரிபள்ளம். மருந்து கெடையாத காலம் அது. படுக்கை, காத்து, பாலு, முட்டை, இவ்வளவுதான் வைத்தியம். வசதி உள்ளவனுக்கே எடம் கெடைக்காது. நெறையப் பேரு படுக்கை கெடைக்குமுன்னே போயிருவாக. நம்ம திருநெல்வேலிக்காரர் புதுமைப்பித்தன் 1948-ல இந்த நோயிலதான் போனாரு. வயசு 42.

பெறவு மருந்து வந்துது. அப்ப சேத்துப்பட்டுல ஒரு ஆராய்ச்சி நிலையம் வச்சு, 1956-ல வாலஸ் பாக்ஸ்னு ஒரு வெள்ளக்கார டாக்டரு தலைமையில ஒரு சோதனை செஞ்சாக. குடிசைப் பகுதிச் சீக்காளிக 193 பேரு. சீட்டுப் போட்டுப் பாதிப் பேரை சானடோரியத்துக்கு அனுப்புனாக, பாதிப் பேருக்கு அதே மாத்திரையக் குடுத்து வீட்டுலயே இருக்க விட்டாக. சானடோரியத்துல இருந்தவுகளுக்கு நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு. அவுக எடை நல்லா ஏறிச்சு. வீட்டுல இருந்தவுகளுக்கு அரைவயித்துக் கஞ்சி, வேலைக்கும் போகணும். ஒரு வருசம் கழிச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்னுபோலக் குணமாயிருக்கு. வீட்டுல இருந்தவுக கூட இருந்த சொந்தக்காரங்களுக்கும் நோய் ஒன்னும் கூடுதலா ஒட்டலை. 1959-ல இந்த முடிவு வெளிய வந்துது. உலகம் பூரா சானடோரியங்களைப் பூட்டிட்டு, சீக்காளியை வீட்டுல வச்சே மருந்து குடுக்கலாம்னு முடிவு பண்ணுனாக. லச்சக்கணக்கான ஏழைகளுக்குப் பொழைக்க வழி பண்ணுன சோதனைலே அது, அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல.

ஆனா படுக்கையை வீட்டுக்கு அனுப்புனாக, மாத்திரையையும் அனுப்புனாக, அந்தச் சமையல்காரனை மட்டும் சானடோரியத்துலயே விட்டுட்டாக. சாப்பாடு கொறஞ்சாலும் குணமாவுதுன்னு தெரிஞ்சது, சாப்பாடே வேண்டாங்கிற அளவுக்குப் போயிட்டு.  

நீ என்ன யோசிக்கன்னு எனக்குத் தெரியும். குத்தாலத்துல சாரல் தொடங்கிட்டு, அப்பாவை ரெண்டு நாளு அங்க கூட்டிட்டுப்போயி வச்சா அந்தக் காத்துலயே தேறிருவாருன்னு மதினிகிட்ட சொன்னியாம். கும்பெனிக் காலத்துலருந்து வெள்ளக்காரத் துரைமாரு உடம்பு தேத்த குத்தாலத்துக்குத்தான் வந்தாக, மெய்தான். ஆனா அவுக காத்தை மட்டும் குடிச்சுக்கிட்டுக் கெடக்கலலே. கூடவே பட்லரும் வந்தான், கோழிக்கூடையும் வந்துது. நீ காத்தை மட்டும் எடுத்துக்கிட்டு கோழியை விட்டுட்டியே. சீசன்ல ரோட்டோரம் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குமிச்சு வச்சிருப்பான், ஆசைக்கு ரெண்டு வாங்கிக் குடு, தப்பில்ல. லேகியம் விக்கவன்கிட்ட மட்டும் நிக்காத. ஆட்டு நுரையீரல் சூப்பு குடிச்சா மனுச நுரையீரல் தேறும்னு அவன் சொல்லுவான். அப்பிடின்னா ஒனக்கு நான் ஆட்டு மூளை வாங்கித் தரணும்.

மேக்கரையிலருந்து எறங்கி நம்ம தோப்புக்குள்ள வருதே யானை, அதைப் பாத்திருக்கியா? தென்னைய முட்டித் தள்ளிட்டு ஓலையத் திங்காம குருத்தைத்தான் பிச்சுத் திங்கும். எங்க சத்திருக்குன்னு அதுக்குத் தெரியுது. நீ பி.காம் படிச்சிட்டு அப்பனுக்கு ரசத்தை ஊத்துத.

சரி, கேலி போதும், கணக்குக்கு வாரேன். ஜார்க்கண்டுல நாலு ஜில்லாவுல ஒரு வேலை நடந்துது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவான்னு புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் டாக்டருங்க. நம்ம சேத்துப்பட்டு நிறுவனமும் அதுல கூட்டு. அங்க உள்ள சீக்காளிகளும் முக்காவாசி மச்சானப் போல எலும்புந்தோலுந்தான். 2,800 பேருக்கு மாத்திரையோட மாசம் 10 கிலோ உணவுப் பொட்டலமும் குடுத்தாக. அரிசி, பருப்பு, பால் பவுடரு, எண்ணெய், கூட சத்து மாத்திரை. ஆறு மாசம். ஒரு நாளைக்கு 1,200 கலோரி, 52 கிராம் புரதம். 2023-ல முடிவு வந்துது. மொத ரெண்டு மாசத்துல நூத்துக்கு அஞ்சு எடை ஏறினவுகளுக்குச் சாவு பயம் 61 சதவீதம் கொறஞ்சிருந்துது.

35 கிலோவுல நூத்துக்கு அஞ்சுன்னா ஒன்னேமுக்கா கிலோ. அம்புட்டுத்தான்லே. மலையைப் பேக்கச் சொல்லலை. ஒரு கிலோ ஆஸ்பத்திரியிலயே ஏறிட்டு, மிச்சம் முக்கா கிலோ ஒங்க அடுப்பு ஏத்தணும்.

52 கிராம் புரதம்னா ஏதோ பவுடரு டப்பா வாங்கணும்னு நெனச்சு மெடிக்கலுக்கு ஓடிராத. ரெண்டு முட்டையில 12. கால் லிட்டரு பாலுல 8. ஒரு கைப்பிடி துவரம்பருப்பு, 50 கிராம்னு வையி, 11. அதே அளவு வறுத்த நிலக்கடலையில 12. மீல்மேக்கர்னு பொட்டலத்துல விக்கான்லா, அதுல 20 கிராம் ஊறப்போட்டுக் குழம்புல போட்டா 10. கூட்டிப் பாரு, 53 வருது. சோத்துல இருக்கது இதுபோக. ரேசன் கடையில துவரம்பருப்பு கிலோ 30 ரூவாதான். பாமாயிலு 25 ரூவா. நீ அந்தப் பருப்பை வாங்கி, 'நாங்க ரேசன் பருப்பு சாப்பிடதில்ல'ன்னு டீக்கடைக்காரனுக்குக் குடுத்துருத. அவன் அதுல வடை சுட்டு ஒனக்கே விக்கான். நீயும் நல்லாருக்குன்னு சொல்லி ரெண்டு கூட வாங்கித் திங்க.

காசு இல்லன்னு சொல்லமாட்ட. 2018 ஏப்ரல்லருந்து காசநோய்க்காரங்களுக்குச் சாப்பாட்டுக்குன்னு மாசம் 500 ரூவா சர்க்காரு பேங்குல போடுது. 2024 நவம்பர்லருந்து அது 1,000. மச்சான் கணக்குலயும் விழுந்துருக்கும். அந்தப் பாஸ்புக்கு யாரு கையில இருக்கு? அந்த ரூவா போன் ரீசார்ஜுக்குப் போச்சா, குழுக்கடனுக்குப் போச்சான்னு நான் கேக்கமாட்டேன். நான் கேக்கலைன்னு ஒங்க அம்மைகிட்ட சொல்லிரு.

என்னத்தைச் சமைக்கன்னு வேற கேப்ப. ஒங்க ஆச்சி இருந்தா கேக்கவே வேண்டாம். தொலி உளுந்தும் அரிசியும் போட்டு உளுந்தஞ்சோறு பொங்குவா, கூட எள்ளுத் தொவையலு. வயசுக்கு வந்த பிள்ளைக்கு மட்டுமா அது? இடுப்புல பெலமில்லாத எல்லாருக்குந்தான். உளுந்தங்கஞ்சியில கருப்பட்டியும் தேங்காப்பாலும் விட்டா மச்சான் வேண்டாம்னு சொல்லுவாரா? நோன்பு மாசத்துல ஒனக்குப் பள்ளிவாசல் கஞ்சிமேல ஒரு கண்ணு உண்டுலா. அரிசியும் பாசிப்பயறும் கொத்துக்கறியும் போட்டுக் கொழைய வேகவச்ச கஞ்சி அது. ராவுத்தரு வீட்டுப் பெரியம்மைகிட்ட பக்குவம் கேட்டு எழுதிட்டு வா, வருசம் பூராத்துக்கும் ஆகும்.

ஒன்னு மட்டும் கவனம். மெலிஞ்ச வயித்துக்குத் தட்டு நெறைய வச்சா உள்ள போகாது, மறுபடி வெளியதான் வரும். மூணு வேளையை ஆறு வேளை ஆக்கு. ஒவ்வொரு வேளையும் கொஞ்சம். கஞ்சியில தண்ணியக் கொறச்சு, பொடிச்ச கடலையும் ஒரு கரண்டி எண்ணெயும் கூட்டு. வயித்துல எடம் கொஞ்சந்தான் இருக்கு, அதைப் போயி ரசம் வச்சு நெரப்பாத.

அதுக்காக எதிர்ப்பக்கமும் சாடிராத. நீ அன்பு முத்திப்போயி பார்டருக்குப் பைக்கை விட்டு பரோட்டாவும் பொரிச்ச கோழியும் வாங்கியாந்து 'தின்னுங்கப்பா'ன்னு அடுக்குத ஆளு, எனக்குத் தெரியும். 1945-ல ஜெர்மன்காரன் முகாம்கள்ல பட்டினி கெடந்தவுகளை மீட்ட பட்டாளத்துக்காரனுக, மனசு கேக்காம கையில இருந்த டப்பாக் கறியையும் சாக்லேட்டையும் அள்ளிக் குடுத்தானுக. தின்னவுகள்ல நெறையப் பேரு தின்னதாலயே செத்தாக. காஞ்ச ஒடம்புக்குள்ள ஒரேயடியா ஆகாரம் போனா ரத்தத்துல இருக்க பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டுனு எறங்கிரும், இதயம் தடுமாறிரும். அதனாலதான் ரொம்ப மெலிஞ்சவுகளை ஆஸ்பத்திரியில வச்சு ஸ்பூன் கணக்குல தொடங்குதாக. அந்தக் கண்டத்தை மச்சான் அங்கயே தாண்டி வந்துட்டாரு. ஆனா கால்ல புதுசா வீக்கம் கண்டாலோ, மூச்சு வாங்குனாலோ, ஆளு கொழம்பிப் பேசுனாலோ எம்பேச்சையும் கேக்காத, மதினி பேச்சையும் கேக்காத, வண்டிய எடு.

சுகரு இருக்கான்னு அங்கயே பாத்து இல்லைன்னுட்டாக. அதனால வாசல்ல நின்ன அந்த அண்ணாச்சிய மன்னிச்சிருவோம். ஒருவேளை இருந்துருந்தாலும் பட்டினி அதுக்கு மருந்தில்ல. சோத்த நிறுத்திட்டு ராத்திரி நாலு சப்பாத்தி தின்னா சுகரு ஏறாதுன்னு நெனைக்க கூட்டத்தைச் சொல்லுதேன். ரெண்டுலயும் மாவுதான்லே இருக்கு.

மாத்திரை தின்னதும் மூத்திரம் செவப்பா போவுதுன்னு எந் தங்கச்சி அழுதாளாம். அது மாத்திரைச் சாயம், ரத்தம் இல்ல. கொமட்டுதுன்னு மாத்திரையத் தள்ளிப் போட்டா அந்தத் தம்பிக்குப் போன் போடு, எனக்குப் போடாத. ஆறு மாசத்துல ஒரு நாளும் விடக்கூடாது. சாராயம் பத்தி நான் ஒன்னும் சொல்லலை, மச்சானுக்கே தெரியும், அந்த மாத்திரைக்கும் அதுக்கும் ஈரல்ல ஒரே எடத்துலதான் சண்டை.

எடை மெசினை மறந்துராத. 35-லருந்து 49 கிலோ வரைக்கும் நாளைக்கு மூணு மாத்திரை. 50-ஐத் தொட்டா நாலு. எடை ஏறுனா மாத்திரையும் ஏறணும், அதனால பாக்கணும். ஒவ்வொரு மாசமும் மாவு மில்லு தராசுல ஏத்தி நிறுத்தி, பைல்லயே பின்பக்கம் தேதியோட எழுது. நெல்லு மூட்டைய எத்தனை தடவ நிறுத்துப் பாக்க நீ, கால் கிலோ கொறஞ்சா மில்லுக்காரன் சட்டையப் பிடிக்க. பெத்த தகப்பன் போன வருசம் தைப்பொங்கலுக்கும் இந்த வருசம் தைப்பொங்கலுக்கும் நடுவுல பத்து கிலோ கொறஞ்சிருக்காரு, 'வயசாயிட்டு, மெலியத்தான செய்யும்'னு சும்மா இருந்துட்ட.

இன்னொன்னு கேக்கணும். மச்சானுக்குத் தனித் தட்டு, தனி டம்ளரு, அதுல பெயிண்டால புள்ளி வேற வச்சிருக்க. யாரு சொல்லி? இது தட்டுல ஒட்டுத நோயில்ல, இருமுத காத்துல பரவுத நோயி. நீ டம்ளருக்குப் புள்ளி வச்சிட்டு, சன்னலை அடைச்சுப் பூட்டி, ஏசியப் போட்டுக்கிட்டு எல்லாரும் ஒரே ரூமுல படுக்கீக. சன்னலைத் தெற. டம்ளரைத் தூக்கித் தூரப் போடு. புள்ளி வச்ச தட்டைப் பாத்தா எவனுக்குலே சோறு எறங்கும்?

ஒட்டுததைப் பத்திப் பேச்சு வந்துட்டு, இப்பச் சொல்லுதேன், இதைச் சொல்லத்தான் இம்புட்டு நேரம் சுத்தி வந்தேன். அந்த ஜார்க்கண்டு வேலையில சீக்காளிக்கு மட்டும் சாப்பாடு குடுக்கலை. பாதி வீடுகள்ல, வீட்டுல உள்ள மத்தவுகளுக்கும் தலைக்கு மாசம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் குடுத்தாக. 10,345 பேரைக் கணக்குல வச்சுப் பாத்தாக. சாப்பாடு கெடைச்ச வீடுகள்ல புதுசா நுரையீரல் காசநோய் வந்தது கிட்டத்தட்டப் பாதியாக் கொறஞ்சிருக்கு. தடுப்பூசி போடலை, ஒன்னும் போடலை. அரிசியும் பருப்பும், கூட சத்து மாத்திரையுந்தான்.

சனிக்கிழமை எல்லாரும் போன பெறவு நான் திரும்ப உள்ள வந்தேன், நீ கவனிக்கலை. எந் தங்கச்சி அடுப்படியில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தா. மச்சானுக்கு ஊட்டி, ஒனக்கு வச்சு, பிள்ளைகளுக்கு வச்சு, மிச்சம் இருந்த சோத்துல மோரை ஊத்தி, தொட்டுக்கிட ஒரு நார்த்தங்கா ஊறுகா. முட்டை வாங்குனியாம் ஆறு. அவரு திங்கக்கூடாதுன்னு ஊர்ல சொன்னதால அதைப் பிள்ளைகளுக்குக் குடுத்துட்டாளாம். "நீ திங்கலையா தாயி"ன்னேன். "எனக்கென்ன அண்ணே, நான் நல்லாத்தான இருக்கேன்"னு கையத் தூக்கி முடிய ஒதுக்குனா. மணிக்கட்டுல கெடந்த வளையலு முழங்கை வரைக்கும் ஓடிச்சு. நான் சீர் குடுக்கும்போது சோப்புப் போட்டு ஏத்துன வளையலுலே அது. ஆஸ்பத்திரியில அவருகூடவே கெடந்து கண்ணு முழிச்சவ, அதே காத்தைத்தான் குடிச்சிருக்கா. இருமுதாளான்னு கேட்டேன், தூசுன்னா. மச்சானும் ஆறு மாசம் தூசுன்னுதான் சொன்னாரு.

வீட்டுல உள்ள எல்லாரையும் கூட்டிட்டு வரச்சொல்லி, எக்ஸ்ரே படம் எடுத்துப் பாக்கணும்னு அந்தத் தம்பி ரெண்டு தடவ சொல்லியிருக்கான். ஒனக்கு லீவு கெடைக்கலை. நாளைக்கு லீவு போடு. போற வழியில மில்லுல நிறுத்தி, மொதல்ல எந் தங்கச்சியத் தராசுல ஏத்து. வேண்டாம்பா, வெக்கப்படுவா, 'மூட்டையா நானு'ம்பா. ஏத்து. எத்தனை கிலோன்னு அங்க நின்னே எனக்குப் போன் போடு. ஒங்கப்பன் எடையப் பெறவு சொன்னாப் போதும்.